இலவசப் பயிற்சி சென்டரை எப்படிச் சோதிப்பது: போன வருடம் முடித்த பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள்

சென்டருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்தபடியே பத்துப் பேருக்கு போன் போடுங்கள். ஆய்வில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சில வருடங்களாக இருக்கிறேன். குழுக்களில் இருக்கிறவர்களின் பிள்ளைகளைத் திரட்டி, பயிற்சிக்கு ஆள் சேர்க்கிற இளைஞர் திறன் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தந்து வேலை வாங்கித்தருகிற மத்திய அரசின் தீன் தயாள் திட்டத்திலோ, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சியிலோ சேர்த்துவிடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. செல்லம்பட்டியிலிருந்தும் சேடப்பட்டியிலிருந்தும் ஒரு தாய் தன் மகளைக் கொண்டுவந்து மதுரையில் ஒரு ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகிறாள் என்றால், கூட்டிவந்த அக்காவை நம்பித்தான் விட்டுப் போகிறாள். அந்த நம்பிக்கைக்காகவாவது சென்டர் எப்படி நடக்கிறது என்று நாம் பார்த்தாக வேண்டும். அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள், வரட்டும், ஆனால் அவர்கள் வருகிற நாள் சென்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அன்றைக்குக் கோலம் போட்டு, யூனிபாரம் தேய்த்து, எல்லா மெஷினும் ஓடும். நாம் பார்க்க வேண்டியது மற்ற நாட்களை.

ஏன் போனிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், எனக்கு இது உறைத்தது ஒரு ரேஷன் கடை வரிசையில். நாங்கள் அனுப்பிய பெண் ஒருத்தி, சென்டர் கொடுத்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே "பணியில் உள்ளார்" என்று இருந்தது, கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அவளோ எனக்கு முன்னால் கோணிப்பையோடு நிற்கிறாள். எப்போது வந்தாய் என்று கேட்டேன். "போய்ப் பதினெட்டு நாள்லயே வந்துட்டேன் அக்கா, அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள். இந்த ஐந்து மாதத்தில் சென்டரிலிருந்து ஒருவரும் அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, யாருக்கு போன் போடுவது? போன மாதம் முடித்த பேட்ச் வேண்டாம். அவர்கள் எல்லோரும் புதுச் சட்டை வாசனையோடு வேலையில்தான் இருப்பார்கள். முடித்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆன பேட்சை எடுங்கள். பட்டியலை சென்டரிடம் வாங்காதீர்கள், உங்கள் கூட்டமைப்பின் தீர்மானப் புத்தகத்திலேயே நீங்கள் அனுப்பியவர்களின் பெயர் இருக்கும், அல்லது குழுக் கூட்டத்தில் கேட்டால் ஒரே நாளில் பத்து எண் சேர்ந்துவிடும். சென்டர் தருகிற பட்டியலில் நன்றாகப் பேசக்கூடிய நாலு பிள்ளைகளின் எண்தான் முதலில் வரும்.

"வேலை கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கிடைச்சது என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. "போன மாசச் சம்பளம் எந்தத் தேதி அக்கவுண்ட்ல விழுந்துச்சு, எவ்வளவு விழுந்துச்சு?" என்று கேளுங்கள். வேலையில் இருக்கிற பிள்ளை யோசிக்காமல் சொல்லும். அப்புறம், பயிற்சியில் என்ன படித்தாய், இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் படித்தவன் குடோனில் அட்டைப்பெட்டி தூக்குகிறான், நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்தவள் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறாள் என்று இந்த இடத்தில்தான் தெரியவரும். எந்த வேலையும் கேவலமில்லை, ஆனால் மூன்று மாதம், ஆறு மாதம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததாக அரசிடம் காசு வாங்கியது வேறொரு வேலைக்காக. கடைசியாக, திரும்பி வந்தவர்களிடம் ஏன் வந்தாய் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் பதில் "பிடிக்கல" என்றுதான் வரும். கொஞ்சம் பொறுத்தால் அடுத்து வரும்: சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் பிடித்தது போகக் கையில் ஆறாயிரம்தான் நின்றது, நைட் ஷிப்ட் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, ஒரே ரூமில் பன்னிரண்டு பேர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இதில் எது சென்டர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது, எது யார் கையிலும் இல்லாதது என்று நீங்களே பிரித்துவிடலாம்.

இப்போது கணக்கு. இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், படித்தவர்களும்கூட. ஒரு பேட்சில் 35 பேர் சேர்ந்தார்கள், 27 பேர் முடித்தார்கள், 22 பேரை வேலைக்கு அனுப்பினார்கள், இன்றைக்கு 9 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் 27-இல் 22 என்று கணக்குப் போட்டு 81 சதவீதம் என்று பேனரில் அடிக்கும். தப்பான கணக்கு இல்லை, திட்டத்தின் விதியே அப்படித்தான், தீன் தயாள் திட்டத்தில் பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித்தர வேண்டும், அந்த வேலையில் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்க் கணக்கு 35-இல் 9, அதாவது 26 சதவீதத்துக்கும் கீழே. நடுவில் நின்ற அந்த 8 பேர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். பாதியில் நிற்கிற பிள்ளைதான் சென்டரைப் பற்றி அதிகம் சொல்லும். உங்கள் நோட்டில் நாலு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: சேர்ந்தது, முடித்தது, போனது, இருப்பது. இரண்டு சென்டரை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

வேலைக் கடிதம் என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது வேலைக்கு வரச்சொன்ன கடிதம்தான், வேலை பார்த்ததற்கு அத்தாட்சி ஆகாது. அத்தாட்சி வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பிஎஃப் மூன்றையும் பாருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனியில் பிஎஃப் பிடிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 என்றால் அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடித்திருப்பார்கள், அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இஎஸ்ஐ-க்கு 0.75 சதவீதம் போகும், 14,000 சம்பளத்துக்கு அது 105 ரூபாய். பிடித்த பணம் உண்மையில் கணக்கில் சேர்ந்ததா என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம், யூஏஎன் என்கிற பிஎஃப் அடையாள எண்ணோடு இணைத்த போனிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு மெசேஜில் வந்துவிடும். இதைப் பயிற்சியின்போதே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு யூஏஎன் என்றால் என்னவென்று தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள், சென்டர் பிள்ளைகளை எந்த மாதிரி வேலைக்குத் தயார் செய்கிறது என்பது அதிலேயே விளங்கும்.

இவ்வளவு சந்தேகப்பட வேண்டுமா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு மதினி கேட்டார். மத்திய அரசின் இன்னொரு திறன் பயிற்சித் திட்டமான பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் பேங்க் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தது, சில இடங்களில் 1111 என்று ஒரே எண்ணை வரிசையாக நிரப்பியிருந்தார்கள், ஒரே போட்டோவைப் பல பேருக்குப் போட்டிருந்தார்கள் என்று அதில் வந்தது. டெல்லியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்தே இவ்வளவு கண்டுபிடித்திருக்கிறார்கள். நமக்கோ அந்தப் பிள்ளையின் முகமே தெரியும், வீடு தெரியும், யார் மகள் என்று தெரியும். நாம் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்து நேரில் போகிற கதை. திறப்பு விழா, சான்றிதழ் கொடுக்கிற நாள், அதிகாரி வருகிற நாள் மூன்றும் வேண்டாம். வாரத்தின் நடுவில், மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டரை, மூன்று மணிக்குப் போங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச ஒருவர் பார்க்க. சேர்த்துவிட்ட கூட்டமைப்பிலிருந்து எங்கள் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். விடாவிட்டால் அதையும் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணுங்கள். அப்புறம் உள்ளே போய் அன்றைய வருகையைக் கேளுங்கள். நான் ஒருமுறை 19 ஜோடி எண்ணினேன், பதிவில் 31 பேர் இருந்தார்கள். கைரேகை மெஷின் இருக்கிறதே, எப்படி ஏமாற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள், காலையில் கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் சாயந்திரம் வந்து மறுபடி வைக்கிற பிள்ளைகள் உண்டு, சென்டரும் கண்டுகொள்ளாது.

பழைய வருகைப் பதிவேட்டைக் காட்டினால் நம் ஊருக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளைப் புரட்டுங்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அன்றைக்கு மதுரையில் எந்த வகுப்பும் நடக்காது, நடந்தாலும் எந்தப் பிள்ளையும் வராது. அன்றைக்கு முழு வருகை போட்டிருந்தால் அந்தப் பதிவேட்டின் மற்றப் பக்கங்களையும் நம்ப முடியாது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கிற மூன்று நாளையும் அதேபோலப் பாருங்கள். வருகை குறைந்திருந்தால் கோபப்படாதீர்கள், அது உண்மையான பதிவேடு, உண்மையாக எழுதுகிற சென்டர்.

வகுப்பில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். தையல் வகுப்பு நடக்கிற இடத்தில் வெட்டுத்துணி கிடக்க வேண்டும், தொட்டி சுத்தமாக இருந்தால் அங்கே தையல் நடக்கவில்லை. எலக்ட்ரிஷியன் வகுப்பில் உரித்த ஒயர் துண்டு, சுவரில் ஆணியடித்து ஆணியடித்து ஆன ஓட்டை, பழைய ஸ்விட்ச் இதெல்லாம் இருக்க வேண்டும். எல்லாம் புத்தம் புதிதாகக் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் என்றால் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள், எல்லாவற்றையும் ஆன் செய்யச் சொல்லுங்கள். தையல் என்றால் ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள், ஒருத்திக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கிறது என்று கேளுங்கள். நாற்பது நிமிஷம்தான் என்றால் மூன்று மாதம் முடிந்தாலும் திருப்பூரில் லைனில் உட்கார முடியாது, முதல் வாரமே சூப்பர்வைசர் திட்டில் அழுதுகொண்டு வந்துவிடும்.

டிரெயினரிடம் இரண்டு கேள்வி போதும். இந்த வேலையை இதற்கு முன் எங்கே பார்த்தீர்கள், இந்த சென்டருக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது. ஒரே பேட்சுக்குள் மூன்று டிரெயினர் மாறியிருந்தால் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அரசு இந்த நிறுவனங்களுக்குப் பணத்தைத் தவணை தவணையாகத்தான் தருகிறது, தவணை தாமதமானால் முதலில் டிரெயினர் சம்பளம் நிற்கும், அடுத்து ஹாஸ்டல் சாம்பார் தண்ணியாகும். அதனால் சென்டர் மேனேஜரிடம், கடைசித் தவணை எப்போது வந்தது சார் என்று தன்மையாகக் கேளுங்கள். ஒருமுறை ஒரு மேனேஜர் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் மனம் விட்டுப் பேசினார், அவருக்கே நாலு மாதச் சம்பளம் பாக்கி. அதையும் எங்கள் மனுவில் சேர்த்தோம்.

பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள், மேனேஜர் பக்கத்தில் நிற்க வேண்டாம். நன்றாகச் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டும். அதற்குப் பதிலாக, நேற்று என்ன படித்தீர்களோ அதை எனக்குச் சொல்லிக்கொடு என்று மெஷின் முன்னால் உட்காருங்கள். கற்றிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கையும் வாயும் சேர்ந்து ஓடும், அதைப் பார்க்கிறதே ஒரு சந்தோஷம். கற்றிருக்காவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்.

பெண்பிள்ளைகள் ஹாஸ்டலை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் தங்குகிற வார்டன் பெண்தானா, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, நாப்கின் எங்கே போடுகிறார்கள், வீட்டுக்குப் பேச போன் தருகிறார்களா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். முடிந்தால் அவர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். எங்களில் ஒருவர் அப்படிச் சாப்பிட்ட அன்றுதான், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்து காலை ஒன்பது வரைக்கும் ஒன்றும் கிடையாது என்பது தெரிந்தது. பிள்ளைகள் அதைப் புகாராகவே நினைக்கவில்லை.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, பணம். இந்தப் பயிற்சிகள் இலவசம், டெபாசிட், யூனிபாரம், பரீட்சை, வேலைக்கு அனுப்புகிற செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் தப்பு. எங்கள் பக்கம் ஒரு சென்டர் ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கியிருந்தது, குழுவில் கடன் எடுத்துக் கட்டியிருந்தார்கள், நாங்கள் எழுத்தில் கேட்ட பிறகு திரும்பி வந்தது. இன்னொன்று, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் சென்டர் வாங்கி வைத்துக்கொள்வது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொண்டால் பிள்ளை பிடிக்காத வேலையில் இருந்து கிளம்பக்கூட முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

யாரைச் சேர்க்கவில்லை என்றும் கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. நல்ல பிளேஸ்மென்ட் காட்ட எளிய வழி, எப்படியும் வேலை கிடைக்கக்கூடிய டிகிரி படித்த பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்ப்பது. பத்தாவதில் நின்றவள், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள், காது கேளாத பையன் இவர்களை, வயது சரியில்லை, கோர்ஸ் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தீன் தயாள் திட்டத்தில் வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. இடங்களில் பாதி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயரைக் குழுவிலேயே கேட்டு எழுதுங்கள். கஷ்டப்படுகிற பிள்ளைகளைச் சேர்த்து 50 சதவீதம் காட்டுகிற சென்டரை, பொறுக்கிச் சேர்த்து 80 காட்டுகிற சென்டரைவிட நான் மேலாக மதிப்பேன்.

சொந்தத் தொழிலுக்குப் பயிற்சி தருகிற கிராமிய சுயவேலைவாய்ப்பு நிறுவனங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவற்றை முன்னோடி வங்கிகள் நடத்துகின்றன, பயிற்சி பத்து நாளிலிருந்து ஒன்றரை மாதம்வரை, முடித்த பிறகு இரண்டு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கே சம்பளச் சீட்டுக்குப் பதிலாக இரண்டு கேள்வி: பேங்க் லோன் கிடைத்ததா, இரண்டு வருடத்தில் எத்தனை முறை வீடு தேடி வந்தார்கள்.

எல்லாவற்றையும் அன்று இரவே எழுதுங்கள், மறுநாள் எண் மறந்துவிடும். தேதி, நேரம், கூட வந்தவர், எண்ணியது என்ன, கேட்டது என்ன. "சரியில்லை", "மோசம்" என்ற வார்த்தைகளை விட்டுவிட்டு "16 மெஷினில் 9 ஓடியது" என்று எழுதுங்கள். பேசிய பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள், அவர்கள் அங்கேதான் இன்னும் படிக்க வேண்டும். முதலில் சென்டர் மேனேஜரிடமே காட்டுங்கள், பதினைந்து நாள் கொடுங்கள். பாதிக் குறைகள் இதிலேயே சரியாகிவிடும், தாழ்ப்பாளுக்கெல்லாம் யாரும் சண்டை போடுவதில்லை.

சரியாகவில்லை என்றால் கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு மகளிர் திட்ட அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சி என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், அங்கேயும் கொடுக்கலாம். கிராம சபையிலும் வையுங்கள், வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 2005-இல் வந்த இந்தச் சட்டத்தில் தகவலைத் தாளில் கேட்டு வாங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிவு 2(ஜே) படி நேரில் போய் ஆவணத்தையும் வேலையையும் பார்வையிடவும் உரிமை உண்டு, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த சென்டரின் இந்த பேட்ச் வருகைப் பதிவையும் வேலையில் சேர்ந்தவர்களின் பட்டியலையும் பார்வையிட வேண்டும் என்று மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் போகும்போது உங்கள் போன் நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், அவர்கள் பட்டியலில் "பணியில் உள்ளார்" என்று இருக்கிற பெயர்களை உங்கள் நோட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க அது போதும்.

கிளம்புகிற அன்றே, இப்போது படித்துக்கொண்டிருக்கிற பேட்ச் முடியும் தேதியைக் கேட்டு, அதிலிருந்து ஆறு மாதம் தள்ளி காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். அன்றைக்கு மறுபடி பத்து போன்.